ஐந்து அறை அட்டைப்பெட்டி: வகுப்பறையில் நான்கு ஆண்டுகள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், சொற்களையும் மரபுத்தொடர்களையும் இலக்கணத்தையும் மாணவர்களோடு திருப்பிப் பார்ப்பதற்காக, ஐந்து அறைகளாகத் தடுத்த ஒரு செருப்புப் பெட்டியை நான்கு கல்வியாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1970களில் ஜெர்மனியில் இதழாளராக இருந்த செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. ஒரு பக்கம் வினாவும் மறுபக்கம் விடையும் எழுதிய புதிய அட்டை முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுக்கிறேன். பாடவேளையின் முதல் ஏழு நிமிடங்கள் இதற்கே.

தனியொருவர் படிப்பதற்காக அமைந்த முறையை நாற்பது பேருக்குப் பொருத்தியதில் முதல் ஆண்டு முழுவதும் ஏமாந்தேன் என்றே சொல்ல வேண்டும். அட்டையைக் காட்டியதும் முன்வரிசையில் நான்கைந்து பேர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் அந்தக் குரலோடு சேர்ந்துகொள்ள, அட்டைகள் விறுவிறுவென ஐந்தாம் அறையை எட்டின. காலாண்டுத் தேர்வில் அதே சொற்களைப் பாதிப் பேர் எழுதவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து, அட்டையைக் காட்டியபின் எல்லாரும் ரஃப் நோட்டில் விடையை எழுதும்வரை வகுப்பில் பேச்சே கூடாது என்றும், அதன்பின் டப்பாவிலிருந்து வரிசை எண் சீட்டு மூன்றை எடுத்து, அம்மூவரும் சரியாக எழுதியிருந்தால்தான் அட்டை நகரும் என்றும் மாற்றினேன். விடையைப் பார்ப்பதற்கு முன் நினைவிலிருந்து தேடி எடுக்கும் அந்தச் சில நொடிகள்தான் இம்முறையின் உயிர். அதை விட்டுவிட்டால் பெட்டி வெறும் அட்டைக் குவியலே.

தனிச்சொல்லுக்குப் பெட்டி மிக நன்றாக உதவுகிறது, ஆனால் அட்டையில் சொல்லும் பொருளும் மட்டும் இருந்தால் போதாது. ‘பாரோ’, ‘லெண்ட்’ என்ற இரு சொற்களுக்கும் ‘இரவல்’ என்று எழுதிய அட்டை, ஒரு பருவத்தில் ஆறு முறை முதல் அறைக்குத் திரும்பி வந்தது. தமிழில் இரவல் என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு என்பவற்றைச் சேர்த்து வேறுபடுத்துகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு வினைக்குள்ளேயே இருக்கிறது. அந்த அட்டையைக் கிழித்துவிட்டு, “பக்கத்தில் இருப்பவரிடம் பேனா இரவல் கேள்” என்று எழுதினேன். அதன்பின் மாணவர்கள் முழு வாக்கியமாகவே விடை எழுதினார்கள். ஒரு மாதத்தில் அது நான்காம் அறையில் இருந்தது.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பகுதி மரபுத்தொடர்கள். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு விளக்கம் எழுதாமல் ‘அத்தி பூத்தாற்போல’ என்று எழுதினால் போதும். ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பதற்கு, நியூகாசில் ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன இங்கிலாந்துத் துறைமுகம் என்று ஒரு வரி சொன்னதும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரியா மிஸ்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து மரபுத்தொடர் அட்டைகளின் பின்பக்கத்தை மாணவர்களே எழுதுகிறார்கள். நிகரான பழமொழி கிடைக்காத தொடர்களுக்கு ஒரு சிறு சூழலை எழுதச் சொல்கிறேன்.

இலக்கணத்தில் பயன் ஒரே சீராக இல்லை. ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘எஸ்டர்டே நைட்’ போன்றவை ‘பற்றி விவாதித்தோம்’, ‘நேற்று இரவு’ என்ற தமிழ் அமைப்பிலிருந்து அப்படியே இறங்கி வரும் பிழைகள். பிழையான வாக்கியத்தை அட்டையில் எழுதித் திருத்தச் சொன்னால் சில வாரங்களில் மறைகின்றன. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்ற பிழைக்குத் தமிழே மருந்து: “என் நண்பனில் ஒருவன்” என்று யாரும் சொல்வதில்லை, “நண்பர்களில் ஒருவன்” என்றுதான் சொல்கிறோம் என்று காட்டியதும் பன்மை தானாக வந்துவிடுகிறது. ஆனால் ‘தி’ எங்கே வரும் என்பதை நூறு அட்டைகள் போட்டும் கற்பிக்க முடியவில்லை. ‘ஆன் அவர்’ (ஒரு மணி நேரம்), ‘எ யுனிவர்சிட்டி’ போல ஒலியைப் பொறுத்தவை அட்டைக்குள் அடங்கும். முன்பே சொன்ன பொருளா, புதிய பொருளா என்பது முந்தைய வாக்கியத்தைப் பொறுத்தது, அது அட்டைக்கு வெளியே இருக்கிறது. இதற்காக இப்போது வெள்ளிக்கிழமைகளில், ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள்களை நீக்கிய எட்டு வரிப் பத்தியொன்றைக் கரும்பலகையில் எழுதி நிரப்பச் சொல்கிறேன்.

இதே வேலையைச் செய்யும் ஆங்கி செயலியையும் முயன்றேன். ஆண்ட்ராய்டில் இலவசம், திருப்பும் நாளைத் தானே கணக்கிடும். தனியாகப் படிக்கும் ஆசிரியருக்கு அதையே பரிந்துரைப்பேன். என் மாணவர்களில் பலருக்கோ, அப்பா இரவு வேலை முடிந்து வந்த பிறகுதான் வீட்டில் கைபேசி கிடைக்கும்.

பராமரிப்பு வேலை குறைவன்று. சார்ட் அட்டை ஓராண்டில் நைந்துவிடுகிறது. நீண்ட விடுமுறைக்குப் பின் எல்லா அறைகளும் ஒரே நாளில் முறை வந்து நிற்கும். அப்போது ஐந்தாம் அறையிலிருந்து தொடங்கி, நாளைக்குப் பதினைந்து அட்டைகளுக்கு மேல் எடுப்பதில்லை. இந்த ஆண்டு வரிசைக்கு ஒரு பெட்டியாக நான்கு பெட்டிகள் வைத்திருக்கிறோம். எந்த அட்டை எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை அந்தந்த வரிசை மாணவர்களே முடிவு செய்கிறார்கள்.