ஷாத்தோ கையார்: எதிரி வந்த வழியில் ஏறிப் பார்க்க வேண்டிய கோட்டை

நார்மண்டியில் செய்ன் ஆறு வளையும் இடத்தில், லே ஆந்தெலி ஊரின் தலைக்கு மேலே வெள்ளைச் சுண்ணப்பாறையில் நிற்கிறது ஷாத்தோ கையார். அரண்மனை அலங்காரம், ஓவியம், பழைய கட்டில் நாற்காலி என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். முற்றுகையைத் தாங்கக் கட்டிய கோட்டை எங்கே தாங்கியது, எங்கே விட்டுக்கொடுத்தது என்பதைக் கல்லிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு இதைவிடத் தெளிவான இடம் அதிகமில்லை.

முதலில் வழி. ஆற்றங்கரையிலுள்ள சின்ன ஆந்தெலியிலிருந்து ஏறும் பாதை செங்குத்தானது. மழை பெய்தால் சுண்ணப்பாறை சோப்பு போல வழுக்கும். தேய்ந்த செருப்போடு ஏற வேண்டாம். மூச்சு வாங்குவதைவிடப் பெரிய குறை, அந்தப் பாதை கதையைக் கடைசியிலிருந்து காட்டுகிறது. தென்கிழக்கே மேட்டு நிலத்தில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து இறங்கி வருவதே சரி, எதிரி வந்ததும் அந்தப் பக்கம்தான். அங்கே நின்று பார்த்தால் கோட்டை நம் பார்வைக்குக் கீழே கிடக்கும். மற்ற பக்கங்களில் சரிவு காவல் காக்க, பாறை பீடபூமியோடு ஒட்டும் இந்த ஒரு கழுத்து மட்டும் கோட்டையைவிட உயரம். கல்லெறி பொறிகளை நிறுத்த எதிரிக்கு வேறென்ன வேண்டும்?

கட்டியவர் இங்கிலாந்து மன்னரும் நார்மண்டிப் பிரபுவுமான முதலாம் ரிச்சர்டு. இந்தக் குறை அவருக்குத் தெரியும். அதனால்தான் முழு பலத்தையும் கழுத்துப் பக்கம் அடுக்கினார்: முதலில் முக்கோண வெளிக்கோட்டை, பிறகு பாறையை வெட்டிய அகழி, நடுக்கோட்டை, மறுபடி அகழி, உட்கோட்டை, அதற்குள் பெருங்கோபுரம். 1196 முதல் 1198 வரை ஆன செலவு சுமார் 12,000 பவுண்டு. இங்கிலாந்தின் டோவர்க் கோட்டைக்கு அவருடைய தந்தை இரண்டாம் ஹென்றி செலவிட்டது ஏறத்தாழ 7,000தான்.

இந்த இடத்தின் உச்சம் உட்கோட்டை மதில். இதற்காக மட்டுமே வரலாம். வழக்கமான மதிலில் கொத்தளத்துக்கும் கொத்தளத்துக்கும் இடையே நீண்ட தட்டையான சுவர் இருக்கும். கல் நேராக மோதும், அடிவாரத்தில் அம்புக்கு எட்டாத மூலைகள் மிஞ்சும். இங்கே சுவரே அரைவட்டப் புடைப்புகளாக அலையலையாக வளைந்து போகிறது. கல் பட்டால் சறுக்கும், ஒளிந்துகொள்ள மூலையும் இல்லை. அகழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் இது புரியும்; மேலிருந்து எடுத்த படங்களில் சும்மா அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

இத்தனை இருந்தும் 1204 மார்ச் 6 அன்று கோட்டை விழுந்தது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் 1203 ஆகஸ்டு முதல் வளைத்திருந்தார். மதிலைவிட முதலில் உடைந்தது உணவுக் கணக்கு. ஊரிலிருந்து தப்பி வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளே நுழைந்துவிட்டார்கள். தானியம் போதாது என்று தளபதி ரோஜர் டி லேசி அவர்களை வெளியேற்ற, முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை விட்டது, பிறகு வழியை அடைத்தது. மிஞ்சியவர்கள் இரு தரப்புக்கும் நடுவே குளிர்காலத்தைக் கழித்தார்கள், பலர் பட்டினியில் செத்தார்கள். சுற்றியுள்ள சரிவைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அடுக்கடுக்காகப் போனது. வெளிக்கோட்டையின் முனைக் கொத்தளத்துக்கு அடியில் தோண்டி, முட்டுக்கட்டைகளைக் கொளுத்திச் சரித்தார்கள். நடுக்கோட்டையில் எதிரிக்கு வழி கொடுத்தது ரிச்சர்டின் வடிவமைப்பு அல்ல, அவருக்குப் பின் மன்னரான தம்பி ஜான் சேர்த்த கட்டடம். கழிவறைத் துளை வழியாக ஏறினார்கள் என்று ஒரு வழக்கு, தேவாலயச் சாளரம் என்று இன்னொன்று. இரண்டும் அந்த ஒரே கட்டடத்தைத்தான் சொல்கின்றன. அடுத்தது உட்கோட்டை. அதன் வாசலுக்கு முன்னால் அகழியை முழுவதும் வெட்டாமல் பாறையையே பாலமாக விட்டிருந்தார்கள். மரப்பாலமாக இருந்தால் எரித்திருக்கலாம், இழுத்திருக்கலாம். கல் பாலம் மதிலைத் தோண்டியவர்களுக்குக் குடையானது. உள்ளேயிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்ட, இரண்டு பக்கமும் குடைந்த சுவர் கல்லெறிக்கு நிற்கவில்லை. அந்தப் பாறைப் பாலத்தை இன்றும் பார்க்கலாம். வாசல் என்று நினைத்துக் கடந்துவிடாமல் அகழியிலிருந்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்.

அகழிகளையும் வெளிப்பகுதியையும் எப்போதும் இலவசமாகச் சுற்றலாம். உட்கோட்டைக்குக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். பூட்டியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, விஷயத்தில் முக்கால்வாசி வெளியேதான். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பல விளிம்புகளில் தடுப்பு இல்லை, சிறு பிள்ளைகளின் கையை விட வேண்டாம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற இடமல்ல. ரயிலில் வருபவர்களுக்கு அருகிலுள்ள நிலையம் கையோன்-ஓபெவுவா. அங்கிருந்தும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிச்சம்.

இடிபாடுகளை எல்லாம் பிலிப்பின் கணக்கில் எழுத வேண்டாம். 1599இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி இடிக்க அனுமதித்த பின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களில் துறவிகளும் உண்டு. பெருங்கோபுரத்தின் மேல்விளிம்பும் அப்படித்தான் போயிருக்கிறது. ஆனால் மேலே போகப் போக அகலும் ஆப்பு வடிவ முட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் மேல் வளைவுகள் இருந்தன. வளைவுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து வழியாக நேர் கீழே கல்லைப் போடலாம். மேற்கு ஐரோப்பாவில் இந்த உத்தியின் ஆரம்பகால எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. முற்றுகையில் இதற்கு வேலையே வரவில்லை. எஞ்சிய சுமார் 140 பேரும் கோபுரத்துக்குள் ஒதுங்கவில்லை, பின்வாசல் வழியாகத் தப்பப் பார்த்துப் பிடிபட்டார்கள்.