எண்ணூர் பக்கம் இன்டேக் சுத்தம் செய்யும் டைவர் குழு: கூப்பிடலாமா?

எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளியில் கடல்நீரை இழுக்கும் ஆலைகளுக்கு, இன்டேக் (கடல்நீர் உள்ளே வரும் வாய்) கம்பிவலையில் கொட்டலசும் மட்டியும் அடைப்பது ஓயாத தலைவலி. காசிமேட்டிலிருந்து வரும் இந்தக் குழு சுரண்டுவதில் கெட்டி. ஆனால் ஆளைக் கொல்வது கொட்டலசு இல்லை, கடலையும் ஆலையின் உள்தொட்டியையும் பிரிக்கும் ஷட்டருக்கு இருபுறமும் உள்ள நீர்மட்ட வித்தியாசம்.

3 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 20 செ.மீ. துளையை அடைத்துக்கொண்ட கால்மீது சுமார் 94 கிலோ அழுத்தும். 60 செ.மீ. குழாய்வாய் என்றால் 850 கிலோ. முன்கூட்டியே தெரியவும் தெரியாது: சிறு துளையை நெருங்கும்போது தூரம் பாதியானால் நீரோட்ட வேகம் நாலு மடங்காகும். எண்ணூர்க் கலங்கல் தண்ணீரில் தூசி ஓடுவதைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இவர்கள் பம்பின் மின் பிரேக்கருக்குத் தங்கள் பூட்டையே போட்டு, சாவியை மேற்பார்வையாளர் இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முழு மார்க். மேலிருந்து குழாயில் காற்று கொடுப்பதும் சரி. சிக்கினாலும் மூச்சு நிற்காது. முகமூடியில் நான்-ரிட்டர்ன் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும், திரும்ப விடாது) இருக்கிறது. அது இல்லாமல் மேலே குழாய் வெடித்தால், ஆழத்தின் அழுத்தம் முகத்தையே குழாய்க்குள் உறிஞ்சும். குழாயைக் கழற்றி, முகமூடிப் பக்கமிருந்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று போகக் கூடாது.

குறை ஒன்று, பெரிய குறை. பம்ப் நின்றதும் ஓட்டமும் நின்றது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்தொட்டி காலியாக இருந்தால், பம்ப் இல்லாமலே ஷட்டர் கசிவு வழியாகக் கடல் இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே தொட்டியை நிரப்பி, இரு பக்கமும் டேப் விட்டு அளந்து, மட்டம் சமமான பிறகே இறக்குங்கள். கழி நுனியில் சாக்குத்துணி கட்டி ஷட்டர் ஓரமாக விட்டுப் பாருங்கள். துணி ஒட்டிக்கொண்டால் ஆள் இறங்கக் கூடாது.

சிக்கிய ஆளைக் கயிற்றால் இழுக்கும் பழக்கமும் மாற வேண்டும். 850 கிலோவோடு மல்லுக்கட்டினால் மூட்டுதான் கழலும். ஷட்டரை அவர்மேல் இறக்கவும் கூடாது. தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் ஏற்றி மட்டத்தைச் சமமாக்குவதே வழி. அதற்கான வால்வு எது, யார் கையில் என்று முன்பே எழுதி ஒட்டுங்கள்.

கூலி நாள் கணக்கில், எத்தனை முறை மூழ்கினார்கள் என்ற கணக்கில் இல்லை, அதனால் அவசரப்படுவதில்லை. என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் இறங்கும் மாதங்களில் குப்பை அடைப்பு கூடும், ஆள் கிடைப்பது கஷ்டம். செப்டம்பரிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.