திடீர் அடியா, படிப்படியான சறுக்கலா?

அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகள் மோதினால், போர் இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, எதிரியின் ஏவுகணைகளை முந்திக்கொண்டு அழிக்கும் திடீர்த் தாக்குதல். மற்றொன்று, எல்லைச் சண்டையில் தொடங்கிப் படிப்படியாக முற்றுவது.

முதல் வழியில் யோசிக்க நேரமே கிடைக்காது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை சுமார் 30 நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் கடலுக்கடியில் பதுங்கிய நீர்மூழ்கிகள் தப்பிப் பதிலடி கொடுக்கும் என்பதால், வேண்டுமென்றே இதைத் தொடங்க எவரும் தயங்குவார்கள். இங்கே பொய் எச்சரிக்கைதான் வில்லன். 1983 செப்டம்பர் 26 அன்று, மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை அமெரிக்க ஏவுகணைகள் என்று சோவியத் கருவிகள் காட்டின. பணியிலிருந்த சோவியத் அதிகாரி பெட்ரோவ் நம்பவில்லை, தப்பித்தோம்.

எனக்கு இரண்டாவது வழிதான் அதிக அச்சம் தருகிறது. 1962 அக்டோபர் 27, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் அமெரிக்காவுடன் எழுந்த கியூபா நெருக்கடியின் உச்சம். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக்குள் தாங்க முடியாத வெப்பம். மாஸ்கோவிடமிருந்து தகவல் இல்லை. மேலே அமெரிக்கக் கப்பல்கள் பயிற்சி வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. போரே மூண்டுவிட்டது என்று கொதித்த கேப்டன், நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். உடனிருந்த அதிகாரி ஆர்கிபோவ் அவரை அடக்கினார். அப்படியொரு டார்பிடோ உள்ளே இருப்பதே மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது!

1999 கார்கில் போரில், கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று இந்திய விமானப்படைக்கு உத்தரவு இருந்தது. சண்டை படிப்படியாக முற்றாதபடி, ஏறும் படியை முன்கூட்டியே அடைத்துவைத்த உத்தரவு அது.