பதக்க விளிம்பில் ஒரு நம்பர்: பட்டாளத்துத் தாத்தாவைத் தேடிய நாலு வருஷம்

எங்கள் வீட்டுக்கு ஊரில் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். தபால்காரருக்குக் கதவு எண் வேண்டாம், அது போதும். ஆனால் எந்தப் பட்டாளம், எந்தச் சண்டை என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. கொள்ளுத் தாத்தா இராக்கில் இருக்கிற பஸ்ராவுக்குப் போனார். அவர் தம்பியும் போனார். அண்ணன் திரும்பி வந்தார், தம்பி வரவில்லை. எங்கள் கைக்கு வந்த சரித்திரம் இவ்வளவுதான். கூடவே ஒரு கேலியும் உண்டு: தாத்தா பட்டாளத்தில் படகு தள்ளினாராம். பாலாற்றங்கரைக்காரர் அவர். ஆற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்திருப்பார். அவர் படகு தள்ளினார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

2020 ஊரடங்கில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது தேட ஆரம்பித்தேன். நாலு வருஷம் ஓடிவிட்டது. எது உதவியது, எது காசைத் தின்றது என்று எழுதி வைக்கிறேன். எங்களைப் போல 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று பெயர் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் நிறைய இருக்கின்றன.

முதலில் காசைத் தின்ற கதை. விளம்பரத்தைப் பார்த்து ஒரு வம்சாவளித் தளத்தில் சந்தா கட்டினேன். பெயரைத் தட்டினால் நூற்றுக்கணக்கில் முடிவுகள் கொட்டின. ஒருவர்கூட நம் ஆள் இல்லை. போதாததற்கு, 'உங்கள் முன்னோர் யார்க்‌ஷயரில் ஞானஸ்நானம் பெற்றவரா?' என்று வாரா வாரம் மின்னஞ்சல் வேறு. நிறுத்த மறந்ததால் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டது. தளத்தைத் திட்டிப் பயனில்லை, நம் ஆட்களின் ஏடுகள் அங்கே இருந்தால்தானே கிடைக்கும்? வெள்ளைக்காரச் சிப்பாயின் பணி ஏடு லண்டனில் இருந்தது, அதிலும் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனது. இந்தியச் சிப்பாயின் ஏடு பெரும்பாலும் கடல் தாண்டவே இல்லை, ரெஜிமெண்டோடு இங்கேயே இருந்துவிட்டது. கட்டணத் தளத்தில் மதராஸ் சிப்பாயைத் தேடுவது பக்கத்துத் தெரு ரேஷன் கடையில் நம் கார்டைத் தேடுவது மாதிரி.

உண்மையில் கதவைத் திறந்தது அத்தை வீட்டுப் பூஜை அலமாரி. அங்கே ஒரு பதக்கம் இருப்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு பக்கம் சிறகு விரித்த பெண் உருவம். முதல் உலகப் போர் முடிந்தபின் நேச நாட்டுப் படையினருக்குக் கொடுத்த வெற்றிப் பதக்கம் அது, வெண்கலம். வெள்ளியில் இன்னொரு பதக்கமும் கொடுத்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய 30 கிராம். அத்தை கல்யாணத்துக்குக் கொலுசாகிவிட்டதாம். வெண்கலத்துக்குத் தட்டான் கடையில் விலை இல்லாததால் இது தப்பித்தது.

அத்தையிடம் கேட்டேன், "இதோட ஓரத்துல ஏதாச்சும் எழுத்து இருந்துச்சா அத்தே?"

"இருந்துச்சு. வருசா வருசம் பொங்கலுக்குக் குத்துவௌக்கோட சேத்துப் புளி போட்டுத் தேய்ப்பேன், அது போயிடுச்சு போல."

முழுசாகப் போகவில்லை. முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வீரரின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் அச்சடித்திருக்கும். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பதக்கத்தை நூல் நூலாகத் திருப்பினேன். நாலு இலக்க நம்பர். அப்புறம் எஸ்-பி-ஆர், அதாவது சாப்பர், பாலம் கட்டுவது, சாலை போடுவது மாதிரி வேலை செய்கிற பட்டாளத்துச் சிப்பாய். அப்புறம் பெயரின் பாதி. கடைசியில் '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்'. அந்த 'க்யூ'வை 'ஓ' என்று படித்துக்கொண்டு இரண்டு மாதம் இல்லாத படைப்பிரிவைத் தேடினேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அது 'இரண்டாவது விக்டோரியா மகாராணியின் சொந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. நாம் மதராஸ் சாப்பர்ஸ் என்று சொல்வதும், பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருப்பதும், இன்றும் பட்டாளத்தில் 'தம்பிகள்' என்று கூப்பிடப்படுவதும் அதே ஆட்கள்தான். முதல் உலகப் போர்க் காலத்து அதிகாரப்பூர்வப் பெயரில் 'மதராஸ்' என்ற சொல்லே கிடையாது. அதனால் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் பழைய ஏடு பல நழுவிவிடும்.

பிரிவு தெரிந்ததும் தம்பித் தாத்தாவைத் தேடினேன். இதற்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். இலவசம். நான் பயன்படுத்தியதில் மறுபடி மறுபடி போன இடம் இதுதான். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: அதில் இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள், அதுவும் முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள். உயிரோடு ஊர் திரும்பியவரை அங்கே தேடுவது வீண்.

பெயரைத் தட்டித் தேடினால் சிக்காது. நம் பெயர்களைக் காதால் கேட்டு, எழுத்தருக்கு வாய்த்த இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். தம்பித் தாத்தா பெயரை முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள் (மாற்றித்தான் எழுதுகிறேன்). அதை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், பதினொன்று வந்தது. கடைசியில் பலன் தந்த வழி இது: பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். படைப்பிரிவையும் வருஷத்தையும் மட்டும் கொடுத்து, வருகிற பட்டியலை அப்படியே இறக்கி எக்செல்லில் திறங்கள். பிறகு கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தில் அன்னியமாகத் தெரிகிற பெயர் காதில் விழுந்ததும் நம் ஊர்க்காரனாகிவிடும். நான் போனில் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு சாயங்காலம் போனது. நடுவில் அத்தை "இவனெல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சின்னப்பன், பெருமாள், அந்தோணி, அப்துல் என்று வரிசையாகப் போகிற அந்தப் பட்டியலைப் படித்து முடித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சிலருக்கு மட்டும் அப்பா பெயர், ஊர், தாலுகா எல்லாம் குறித்திருக்கிறது. நம்மவருக்கு இல்லை. ஒரே ஒலியுள்ள பெயரில் மூன்று பேர், மூன்று எழுத்துக் கூட்டல். யார் நம்மவர்?

இங்கேயே ஒரு வருஷம் நின்றேன். ஒரு சாவுக்குப் போனபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. பங்காளி வீட்டுப் பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "செப்புத்தட்டு ஒண்ணு வந்துச்சு, எங்கியோ கெடக்குது பாரு" என்றார். நெல் குதிருக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். வட்டமாக, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக, 12 சென்டிமீட்டர் குறுக்களவு. ஒரு பெண், ஒரு சிங்கம், கட்டம் போட்ட ஒரு பெயர். போரில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு. பதவியோ நம்பரோ அதில் போடமாட்டார்கள், சாவில் எல்லோரும் சமம் என்று காட்ட. அதனால் தேடுபவனுக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம். ஆனால் அரசாங்கம் எழுதிய எழுத்துக் கூட்டலில் இருக்கிறதே! இரண்டு 'ஓ' போட்ட 'மூனூசாமி'. மூன்று பேரில் அப்படி எழுதியிருந்தது ஒருவர்தான். 1916 ஜூலை. பஸ்ரா நினைவுச்சின்னம்.

அந்த வருஷக் கோடையில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) குண்டில் செத்தவர்களைவிட வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு, வெயில் தாக்கி விழுந்தவர்கள் கதைதான் பெரிது. மருத்துவ ஏற்பாடு எவ்வளவு கேவலமாக இருந்தது என்று விசாரிக்க ஒரு ஆணையமே போட்டு 1917இல் அறிக்கை வெளியிட்டார்கள். நினைவுச்சின்னத்தைப் பற்றியும் ஒரு விஷயம்: அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு, இந்தியச் சிப்பாய்களை இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக விட்டுவிட்டார்கள். பெயர்கள் தனியாக ஏட்டில். 2021இல் போர்க் கல்லறை ஆணையமே தன் அறிக்கையில் இப்படி நடந்த பாகுபாடுகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சின்னமும் பழைய இடத்தில் இல்லை. 1997இல் பெயர்த்து நசிரியா போகிற சாலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று இருந்த ஆசையை அதோடு மடித்து வைத்தேன்.

இனி, திரும்பி வந்தவர். அவருடைய 'ஷீட் ரோல்', அதாவது பணி ஏடு, கிடைக்குமா என்று விசாரித்தேன். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஏட்டை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழிப்பது விதி. நூறு வருஷத்துக்குப் பிறகு போய்க் கேட்டால் என்ன மிஞ்சும்? உங்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் என்று ஒரு தாள் இருந்தால் முதல் வேலையாகப் படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலான சிப்பாய்களுக்கு அதற்கு இரண்டாவது பிரதி இல்லை.

ஆனால் பெரியப்பா அன்று இன்னொன்றும் சொன்னார்: "தேட்டீன் கம்பெனின்னுதான் தாத்தா சொல்வாரு." இந்த ஒரு வார்த்தை எந்த ஆவணத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. 13ஆம் கம்பெனியும் 12ஆம் கம்பெனியும் மெசபடோமியாவில் 14ஆவது இந்திய டிவிஷனோடு இருந்தன. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 95' என்ற வரிசையில் இருக்கின்றன. 2020 ஏப்ரலில் டிஜிட்டல் கோப்புகளை இலவசமாக இறக்க விட்டார்கள், அந்த நேரம் என் அதிர்ஷ்டம்.

நாட்குறிப்பு என்றதும் கதை மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடம், தேதி, நேரம், நடந்தது என்று கட்டம் போட்ட தாள். பென்சில் கிறுக்கல். சாலை போட்டது, கிணறு வெட்டியது, மண் மூட்டை அடுக்கியது. வெள்ளைக்கார அதிகாரிக்கு ஜுரம் வந்தால் பெயரோடு இருக்கும். நம் ஆட்கள் 'ஐ.ஓ.ஆர்.' என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கிவிடுவார்கள், 'இந்தியன் அதர் ரேங்க்ஸ்'. தாத்தா பெயர் ஓரிடத்திலும் இல்லை. இருக்கவும் இருக்காது. ஆனால் அவர் நாட்கள் இருக்கின்றன. எந்த வாரம் மழை, எந்த வாரம் சேறு, எந்த வாரம் ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரிகிறது.

1917 பிப்ரவரிக்கு வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிப்ரவரி 23 விடியற்காலை, ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடக்கிறார்கள். எதிர்க்கரையில் துருக்கியர். பாலம் கட்ட வேண்டுமானால் முதலில் ஆளை அக்கரை சேர்க்க வேண்டும், அதற்குப் பான்டூன் என்கிற தட்டையான படகுகள். துடுப்புப் போட்டவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பாலம் தயார். மார்ச் 11 பாக்தாத் விழுந்தது. படகு தள்ளினார் தாத்தா என்று மூன்று தலைமுறையாகச் சிரித்தோமே! அன்றைக்கு அவர் துடுப்புப் பிடித்தார் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை, நானும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேலியை நிறுத்திவிட்டோம்.

மற்றவை சுருக்கமாக. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம் இலவசம். பதிவு செய்துகொண்டால் ராணுவத் துறைக் கோப்புகளைப் படிக்கலாம். ஆள் பெயரைப் போடாமல் படைப்பிரிவு, போர்முனை, பென்ஷன் மனு என்று தேடுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் போர்க் கைதிகள் ஏடும் இணையத்தில் இலவசம். மெசபடோமியாவில் கூட் என்ற ஊரின் முற்றுகையில் பிடிபட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் அங்கே பாருங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் எந்தத் துறை, எந்த வருஷ அரசாணை என்று குறித்துக்கொண்டு போனால் நாள் மிச்சம். பொறாமைப்பட்ட இடமும் ஒன்று உண்டு: லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த ஏடுகளிலிருந்து பஞ்சாப் வீரர்கள் 3,20,000 பேரின் விவரங்களைக் கண்டெடுத்து, 2021 முதல் கிராம வாரியாக இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். மதராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று இந்த நாலு வருஷத்தில் என் கண்ணில் படவில்லை.

மொத்தச் செலவு? சந்தாவுக்குத் தண்டம் அழுததைக் கழித்தால் பஸ் காசும் போன் பில்லும்தான்.

தம்பித் தாத்தாவின் தேதியை அத்தையிடம் சொல்லப் போனேன். இத்தனை வருஷமும் அவருக்கு ஆடி அமாவாசை அன்றுதான் படையல், செத்த நாள் தெரியாததால். பிரிண்ட் எடுத்த தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி கெடக்கட்டும். அன்னிக்கு என்னா திதி?"

போனில் பஞ்சாங்கச் செயலியைத் திறந்து 1916ஐப் போட்டேன். இடம் கேட்டது. பஸ்ராவா, வேலூரா என்று அத்தையைப் பார்த்தேன்.

"நம்ம ஊரையே போடு. அங்க அவனுக்கு யாரு இருக்கா?"