பழைய வின்செஸ்டரும் புதிய டிக்காவும்: ஒன்பது வேட்டைப் பருவங்களின் அனுபவம்

பென்சில்வேனியாவின் மலைக்காடுகளில் மான் வேட்டைக்கு ஒன்பது பருவங்களாக இரண்டு ரைபிள்களை மாற்றி மாற்றி எடுத்துச் செல்கிறேன். ஒன்று, 1950களில் செய்யப்பட்டுப் பலர் கைமாறி என்னிடம் வந்த வின்செஸ்டர் மாடல் 70. மற்றொன்று, புதிதாக வாங்கிய ஃபின்லாந்துத் தயாரிப்பான டிக்கா டி3எக்ஸ். இரண்டுக்கும் .30-06 தோட்டாதான்.

1936இல் அறிமுகமான மாடல் 70இன் அமைப்பை, தயாரிப்புச் செலவைக் குறைப்பதற்காக 1964இல் மாற்றினார்கள். அதற்கு முந்தைய ரைபிள்களில், மேலெழும் தோட்டாவின் விளிம்பை ஜெர்மனியின் மவுசர் ரைபிள் பாணியிலான அகன்ற கொக்கி அப்போதே பற்றிக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும், கைப்பிடியுள்ள உருளையை) முழுதும் தள்ளாமல் பின்னிழுத்தாலும் அந்தத் தோட்டாவே வெளியே வந்துவிடும் என்பதால், இரண்டு தோட்டாக்கள் ஒன்றோடொன்று சிக்குவதில்லை. இந்த நம்பகத்துக்காகத்தான் நான் அதை வாங்கினேன். இன்றுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

ஆனால் குழலைத் தாங்கும் வால்நட் மரக் கட்டை ஈரத்தை உறிஞ்சும். மூன்றாம் ஆண்டு, நான்கு நாள் விடாத மழைக்குப் பின் இலக்கில் சுட்டுப் பார்த்தபோது, 100 கஜத் தொலைவில் குண்டு நான்கு அங்குலம் இடப்பக்கம் விலகியிருந்தது. கட்டை உப்பிக் குழலை ஒருபுறமாக அழுத்தியிருந்தது. சோதிக்காமல் காட்டுக்குள் போயிருந்தால் ஒரு மானைக் காயத்தோடு தவிக்க விட்டிருப்பேன் என்ற எண்ணம் இப்போதும் உறுத்துகிறது.

டிக்காவில் அந்தக் கவலை இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழல் செயற்கைக் கட்டையைத் தொடாமல் நிற்கிறது. எடையும் ஏறக்குறைய முக்கால் கிலோ குறைவு. கிளைகளில் உரசும்போது பிளாஸ்டிக் கட்டை எழுப்பும் வெற்றொலி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு ரைபிள்தான் வாங்க முடியும் என்பவர் புதியதையே வாங்கட்டும். பழையதில்தான் மனம் நிற்கிறது என்றால், சேகரிப்பாளர்கள் ஒதுக்கிய ஒன்றைத் தேடுங்கள்: தோளில் பதியும் முனையில் பின்னாளில் ரப்பர் மெத்தை பொருத்தியது, ஸ்கோப்புக்காகக் கூடுதல் துளையிட்டது, குழலுக்குக் கருநீலப் பூச்சை மறுபடி ஏற்றியது. இவற்றால் விலை குறையும். வேட்டைப் பயன் குறையாது. என்னுடையதும் அப்படிப்பட்டதுதான், அதனால்தான் மழையில் எடுத்துச் செல்ல எனக்கு மனம் வந்தது. பணம் கொடுக்குமுன் குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். போல்ட்டுக்குப் பின்னால் கட்டையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஹெட்ஸ்பேஸ் அளவை (மூடிய போல்ட்டின் முகப்புக்கும் குழலுக்குள் தோட்டா நிலைகொள்ளும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை), துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் அளந்து சொன்ன பிறகே முதல் தோட்டாவைப் போடுங்கள்.