மாடிப்படி விளக்கும் மூன்று சுவிட்சுகளும்: பதினோரு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேலே கூரையில் ஒரே ஒரு விளக்குதான் இருக்கிறது. அதைக் கீழ்க்கூடத்திலிருந்தும், முதல் மாடி வாசலிலிருந்தும், மொட்டைமாடிக் கதவருகிலிருந்தும் போடலாம், அணைக்கலாம். காய்ந்த துணியை எடுக்க அந்தி சாய்ந்து மாடிக்குப் போய், இருட்டில் தடவித் தடவி இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். வசதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பழுது வந்தால், பல்பைத் தவிர வேறெதையும் சந்தேகிக்காதவரை இந்த விளக்கு நன்றாக அலைக்கழிக்கும்.

முதல் பழுது, வெள்ளையடிப்பதற்காகச் சுவிட்ச் பலகையைக் கழற்றி மாட்டியதும் வந்தது. கீழ் சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால் மற்ற இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. அதை மறு பக்கம் தட்டிவிட்டால், மேலே எதைத் தட்டினாலும் இருட்டுதான். இரண்டு பல்புகளை வீணாக மாற்றிப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. இரு கோடிகளிலும் உள்ள டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள் உண்டு. அவற்றுள் 'காமன்' எனப்படும் முனையில், கீழ்க்கோடியில் மின்சாரம் வரும் வயரான பேஸும், மேல்கோடியில் பல்புக்குப் போகும் வயரும் இருக்க வேண்டும். மீதி இரண்டு முனைகள் சுவிட்சுகளுக்கிடையே ஓடும் இரட்டை வயர்களுக்கானவை. அந்த இரட்டை வயர்கள் தமக்குள் இடம் மாறினாலும் கெடுதல் இல்லை. காமன் வயர் இடம் மாறினால்தான் இந்தக் கோளாறு. எங்கள் பலகையில் மூன்று வயர்களும் ஒரே சிவப்பு. இப்போது காமன் வயரில் மட்டும், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். நடுவில் உள்ள இன்டர்மீடியட் சுவிட்சுக்கு நான்கு முனைகள். வரும் இரண்டு வயர்களை நேராகவோ குறுக்காகவோ மாற்றி அனுப்புவதே அதன் வேலை. அதைக் கழற்றும்முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது உத்தமம். மொட்டைமாடிச் சுவிட்ச் சாரலில் நனைந்து இரண்டு முறை மாற்றப்பட்டது. அதில் புதிர் ஒன்றுமில்லை.

குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்ஈடி போட்ட பிறகு, அணைத்த விளக்கு இரவில் மங்கலாக ஒளிர்ந்தது. ஒரே பைப்புக்குள் மின்சாரமுள்ள வயரும் இல்லாத வயரும் பல மீட்டர் ஒட்டியே ஓடுவதால், இரண்டாவதிலும் சிறிது மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. எல்ஈடிக்கு அந்தத் துளியே போதும். டெஸ்டரை வைத்தால் அதுவும் மினுக்கி நம்மைக் குழப்பும். எங்கள் எலக்ட்ரீசியன் டெஸ்டரை நம்பாமல், ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டிப் பார்த்தார். அது துளியும் எரியவில்லை. தூண்டல்தான் என்று தெளிந்ததும், அந்தத் துளி மின்சாரத்தைத் தன் வழியே விட்டுவிடும், அதற்கென விற்கும் சிறிய கெப்பாசிட்டரைப் பல்புக்கு இணையாகப் போட்டார். ஒளிர்வு நின்றது. மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் சுவிட்ச் வைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்றும், அப்படியானால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் பேஸ் நிற்கும் என்றும் அவர் எச்சரித்தார்.

எல்லாவற்றிலும் மோசமானது நான்காவது பழுது. கீழே இருக்கும் எங்களுக்கு ஒரு மின்சார மீட்டர், மாடிக் குடித்தனத்துக்கு இன்னொன்று. கீழே, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சாதனம் பொருத்திய அன்று மாலை, படி விளக்கைப் போட்டதும் வீடே இருண்டது. பேஸ் கீழிருந்து வர, ஹோல்டருக்கு நியூட்ரலை அருகிலேயே ஓடிய மாடி லைனிலிருந்து எடுத்திருந்தார்கள். போன மின்சாரம் வந்த வழியே திரும்பாததால் ஆர்சிசிபி அதைக் கசிவாகக் கணக்கிட்டது. 9 வாட் பல்பும் ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் இழுப்பதால் அந்த ஒரு விளக்கே போதுமாயிற்று. சாதனத்தைக் குறை சொல்லவே மாட்டேன், ஏழாண்டாக மறைந்திருந்த தவற்றை ஒரே மாலையில் காட்டிக்கொடுத்தது அதுதான். மாடி மெயினை அணைத்துவிட்டு அங்கே யாராவது வேலை பார்த்திருந்தால், எரியும் படி விளக்கின் வழியாக அந்த நியூட்ரலில் மின்சாரம் வந்திருக்கும். அதனால் அன்று இரண்டு மெயின்களையும் அணைத்த பிறகே ஹோல்டரைத் திறந்தோம்.

கீழ் மீட்டரிலிருந்து தனி நியூட்ரல் இழுத்த பிறகு ஒரு தொல்லையும் இல்லை. மாடிக் குடித்தனக்காரர் விடிய விடிய எரியவிட்டாலும் யூனிட் மட்டும் எங்கள் கணக்கில் ஏறுகிறது.