மெடிக்கல் டிவைஸ் சேல்ஸ் சான்றிதழுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் நான் வேலை பார்க்கும் மருத்துவ சாதனக் கடைக்கு வேலை கேட்டு ஒரு பையன் வந்தான். பெரம்பலூர் பக்கம், பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. ஃபைலைத் திறந்ததும் அவன் முதலில் எடுத்து நீட்டியது டிகிரி சான்றிதழை அல்ல. கெட்டி அட்டையில் தங்க நிற ஓரம் போட்டு அச்சடித்த 'மெடிக்கல் டிவைஸ் சேல்ஸ் புரொஃபஷனல்' சான்றிதழ். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே நிறுவனம், அதே முத்திரை. எங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கிறது. 2024-ல் நான் 48,000 ரூபாய் கட்டினேன். அவனிடம் 65,000 வாங்கியிருக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அதை மட்டும் விட்டுவிட்டு, அதே போல இருக்கும் இன்னொன்றில் போய் மாட்டிக்கொள்வீர்கள். ஆட்கள் மாறினாலும் பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் திருச்சியில் பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒரு லேபில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு விளம்பரம் வந்தது: எந்த சயின்ஸ் டிகிரியும் போதும், மூன்று மாதப் பயிற்சி, வேலை உறுதி, ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு ஆறு லட்சம். நம்பரைப் போட்ட பத்தாவது நிமிடம் கவுன்சலர் என்று ஒருவர் கூப்பிட்டார். "ப்ரோ, இப்ப கவர்ன்மென்ட் ரூல் வந்துருச்சு. சர்டிஃபிகேட் இல்லாம யாரும் டிவைஸ் விக்க முடியாது. கம்பெனிங்க எல்லாம் சர்டிஃபைடு ஆளைத்தான் தேடுறாங்க" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

ரூல் வந்தது உண்மை. ஆனால் அது சொல்வது வேறு. மருத்துவ சாதன விதிகள் 2017-ல் வந்தவை. 2022-ல் செய்த திருத்தத்தின்படி, சாதனங்களை விற்கும் கடையோ டீலரோ மாநில உரிம அதிகாரியிடம் எம்.டி.-42 என்ற பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கடைக்கான பதிவு. வேலை தேடுகிற உங்களுக்கானது அல்ல. அந்தப் பதிவுக்குக் கடையில் தகுதியான ஒருவர் இருக்க வேண்டும் என்கிறார்கள். யார் அவர்? ஒரு பட்டதாரி, அல்லது பதிவு பெற்ற மருந்தாளுநர், அல்லது பிளஸ் டூ முடித்துச் சாதன விற்பனையில் ஓராண்டு அனுபவம் உள்ளவர். அவ்வளவுதான். தனியார் சான்றிதழ் என்ற பேச்சே அதில் இல்லை. நான் ஏற்கெனவே பட்டதாரி. விதியை ஒரு தடவை திறந்து படித்திருந்தால் அந்தப் போனை அங்கேயே வைத்திருப்பேன்.

முன்பணம் 18,000. அதற்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. மீதி 30,000, மாதம் மூவாயிரம் வீதம் பத்துத் தவணை, "வட்டியே இல்லை" என்றார்கள். நிறுவனத்துக்குத்தான் தவணை கட்டுகிறேன் என்று நினைத்தேன். அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன் என்பது, முதல் மாதம் வங்கியிலிருந்து பணம் பிடித்தபோதுதான் புரிந்தது. இது முக்கியம். வகுப்பு நடக்காவிட்டாலும், பாதியில் விலகினாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் போகும். நாளைக்கு பைக் லோன் கேட்டால் கையை விரிப்பார்கள். இந்த வேலைக்கு பைக் இல்லாமல் ஆகாது.

சரி, வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? முக்கால்வாசி பதிவு செய்த வீடியோ. கஸ்டமரிடம் எப்படிச் சிரிப்பது, ஆட்சேபத்தை எப்படிச் சமாளிப்பது என்று பொதுவான விற்பனைப் பாடம். சட்ட விதிகள் என்று வந்த பகுதியில் இரண்டு வாரம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சாதனங்களுக்குக் கொடுக்கும் 510கே அனுமதியையும், அவர்களுடைய மூன்று வகுப்புப் பிரிவையும் மனப்பாடம் செய்தோம். இந்தியாவில் சாதனங்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், கட்டுப்படுத்துவது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ. அதைப் பற்றி ஒரே ஒரு ஸ்லைடு. இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும் முழங்கால் மூட்டு மாற்று இம்ப்ளான்ட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தது. ஆஸ்பத்திரி பர்ச்சேஸ் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சே விலையில்தான் தொடங்கும். அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் மருத்துவப் பணிகள் கழகம், அதன் டெண்டர் பற்றியும் பாடத்தில் எதுவும் கிடையாது. வேறு நாட்டுக்காரர்களுக்கு எழுதிய பாடத்தை அப்படியே எடுத்து நம்மிடம் விற்றிருக்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

வேலை உறுதி என்றார்களே, அதற்கு மூன்று இன்டர்வியூ வந்தது. முதலாவது, இன்ஷூரன்ஸ் விற்கும் கால் சென்டர். இரண்டாவது, மெடிக்கல் ஷாப் வாசலில் மேஜை போட்டுச் சுகர் மெஷின் விளம்பரம் செய்யும் தினக்கூலி. மூன்றாவது, அதே நிறுவனத்தில் கவுன்சலர் வேலை. அடுத்த பையனுக்குப் போன் போட்டு, எனக்குச் சொன்னதையே சொல்ல வேண்டும். ஆளுக்கு இவ்வளவு கமிஷன். மறுத்துவிட்டேன். மூன்றையும் காட்டி "வாய்ப்பு கொடுத்தாயிற்று" என்று என் கணக்கை முடித்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், விளம்பரத்தில் இருந்த 'வேலை உறுதி' அதில் 'வேலைவாய்ப்பு உதவி' ஆகியிருந்தது.

அப்புறம் வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். லேபுக்கு ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) கொண்டுவரும் அண்ணன் ஒருவர், திருச்சி புத்தூரில் எலும்பு முறிவுக்கான பிளேட், ஸ்க்ரூ விற்கும் டீலரிடம் என்னை அழைத்துக்கொண்டு போனார். முதலாளி சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஸ்டீல் டப்பாவைத் திறந்து ஸ்க்ரூக்களை மேஜையில் கொட்டினார். "தம்பி, இதுல கார்ட்டிகல் எது, கேன்சலஸ் எது, பிரிச்சு வை."

கை நடுங்கியது. மூன்று மாதத்தில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட்டதில்லை. அவரே இரண்டை எடுத்து விரலில் வைத்துக் காட்டினார். எலும்பின் கெட்டியான சுவரில் பிடிப்பதற்கு நெருக்கமான மரை, அது கார்ட்டிகல். எலும்பின் முனையில் பஞ்சு போல இருக்கும் பகுதியில் பிடிப்பதற்கு ஆழமான, இடைவெளி விட்ட மரை, அது கேன்சலஸ். 3.5 மில்லிமீட்டர் கார்ட்டிகல் ஸ்க்ரூவுக்கு 2.5 டிரில் பிட். "ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் கேட்கும்போது நர்ஸ் உன்னைத்தான் பாப்பாங்க. அப்ப முழிச்சா அடுத்த கேஸ் நமக்கு வராது" என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் பணம் கட்டியது இதற்குத்தான் என்று நினைத்தேனே, அது இங்கே சும்மா கிடைத்தது.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு அவர் பார்த்தது மூன்று: பைக்கும் லைசென்ஸும் இருக்கிறதா, ராத்திரி பதினோரு மணிக்கு விபத்துக் கேஸ் என்று போன் வந்தால் பிளேட், ஸ்க்ரூ செட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேனா, லேபில் எத்தனை நாள் தாக்குப்பிடித்தேன். பெரிய கம்பெனிகளிலும் சேர்ந்த பிறகு அவர்களே தங்கள் பொருளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மற்றவர் கொடுத்த சான்றிதழை நம்பி யாரையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்புவதில்லை. அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பயோமெடிக்கல் டிகிரி, டிப்ளமோ, நர்சிங், ஃபார்மசி படித்தவர்களுக்கு மதிப்பு உண்டு; ஸ்கேன், வென்டிலேட்டர் மாதிரி மெஷின்களில் அது நிஜமாகவே உதவும். நான் சொல்வது இந்த மூன்று மாத அட்டையை.

பணம் கட்டும் முன் உங்கள் ஊரிலேயே இரண்டு சர்ஜிக்கல் டீலர்களிடம் போய் "இந்தச் சான்றிதழ் இருந்தால் வேலை தருவீர்களா" என்று நேராகக் கேளுங்கள். சென்னையில் இருந்தால் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு காலைப் பொழுது நடந்தால் போதும். ஐ.எஸ்.ஓ. தர முத்திரை, எம்.எஸ்.எம்.இ. (சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு என்று காட்டினால் மயங்காதீர்கள். உத்யம் என்கிற அந்த எம்.எஸ்.எம்.இ. பதிவு, சிறு தொழில் நடத்தும் யாரும் இலவசமாக வாங்கக்கூடியது. பாடம் நன்றாக இருக்கிறது என்று அது சொல்லாது.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ஒப்பந்தம், தவணை ரசீது எல்லாவற்றையும் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். என் விஷயத்தில் விளம்பரம் காணாமலே போனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915-க்குப் போன பிறகுதான் எனக்கு 15,000 திரும்பியது. மீதி போனது போனதுதான்.

அந்தப் பெரம்பலூர் பையனுக்கும் முதலாளி அதே டப்பாவைத் திறந்து கொட்டினார். அவனுக்கும் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் காட்டினேன். எங்களிடம் இப்போது ஆள் தேவை இல்லை. தஞ்சாவூரில் ஒரு டீலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவனுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது.